சோக்கட்டியால் கீறிய கரவன்

“எட்டுப் பேர் படுக்க வேணும்.”

“ரெண்டு பேர்.”

“எட்டு.”

“இஞ்சாருங்கோ, வீட்டிலை இருக்கிறது நீங்களும் நானும். எண்ணிப் பாருங்கோ, எப்பிடி எட்டு வருகுது?”

“வாறவை போறவை இருக்கினமெல்லே?”

“கரவனுக்கு ஆரப்பா வந்து போறது? அது ஒரு இடத்திலை நிண்டால்தானே!”

“அண்ணே, அக்கா, முதல்ல உள்ள வந்துட்டு சண்டையப் போடுங்க லா,” என்றது மூன்றாவது குரல். “அண்ணே, நீங்க சுவர் மேல நிக்கிறீங்க.”

எட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராஜா குனிந்து பார்த்தார். சப்பாத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. யாருடைய காலையோ மிதித்துவிட்டவர் போலச் சட்டென்று பின்வாங்கினார். பின்வாங்கியதில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய் நின்றார்.

அது குறொய்டனுக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த பட்டறை வரிசையில் கடைசிக் கட்டடம். 2006ஆம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை; வானம் ஒரு முடிவுக்கும் வராமல் நின்றது. உள்ளே சீமெந்துத் தரையில், உண்மை அளவிலேயே, ஒரு கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீடு, சோக்கட்டியால் கீறப்பட்டிருந்தது. கதவுக்கு ஓர் இடைவெளி. யன்னலுக்கு இரட்டைக் கோடு. குசினிக்கு ஒரு நீள்சதுரம், அதற்குள் வட்டம் வட்டமாக அடுப்பு.

அந்த மூன்றாவது குரலுக்குச் சொந்தக்காரன் திருமாறன். அவன் வேலை செய்கிற விதம் அது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்க வந்து, படித்து முடித்து, ஊர் திரும்புவதை வருடா வருடம் தள்ளிப் போட்டு, இப்போது இந்தக் கரவன் நிறுவனத்துக்கு லண்டனில் ஓடர் எடுக்கிறவன். வடக்கே இருந்த தொழிற்சாலை கேட்டபடி கட்டிக் கொடுக்கும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பது கேட்க வருகிறவருக்கே தெரியாது என்பது அவனுடைய அனுபவம். அதனால் காகிதப் படம் காட்டமாட்டான். தரையில் கீறி, அதற்குள் ஆட்களை நடக்கவிட்டு, குனியவிட்டு, படுக்கவிட்டுப் பார்ப்பான். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டால் கோட்டை அழித்துத் தள்ளிக் கீறுவான்.

இவர்கள் கேட்டது சாதாரணக் கரவன் அல்ல. முன்பாதியில் வீடு, பின்பாதியில் கராஜ். பின்சுவர் முழுவதும் கீழ்நோக்கித் திறந்து சரிவுப் பலகையாகி நிலத்தைத் தொடும். மோட்டச்சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றலாம். அமெரிக்காக்காரர் இதை டாய் ஹாலர் என்பார்கள், விளையாட்டுச் சாமான் இழுக்கிற வண்டி. இங்கிலாந்தில் அதைத் தேடி வருகிறவர்கள் அப்போது குறைவு. போன கிழமை தொலைபேசியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்குரல் அதைக் கேட்டபோது, “யாரு ஓட்டுறது, அண்ணனா?” என்று திருமாறன் விசாரித்தான்.

“அவர் கடையை ஓட்டுவார். மோட்டச்சைக்கிள் நான்,” என்றாள் சந்திரவதனா.

வதனாவுக்கு நாற்பத்துநாலு வயது. டூட்டிங்கில் இருந்த தங்கள் கடையில் மரக்கறிப் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய தோள். மோட்டச்சைக்கிள் முதலில் மகன் நிருஜனுடையது. ஒரு கோடை முழுவதும் அதற்காக அழுதான். வாங்கிக் கொடுத்ததும் இரண்டு மூன்று தடவை ஓடினான், பிறகு ஷெபீல்டுக்குப் படிக்கப் போய்விட்டான். விற்போம் என்று வதனா விளம்பரம் போட்டாள். வாங்க வந்த வெள்ளைக்காரப் பொடியன் எஞ்சினை ஒருக்கால் மிதித்துக் காட்டச் சொன்னான். மிதித்தாள். கோலியர்ஸ் வுட் வீட்டுப் பின்வளவில் அந்தச் சத்தம் எழும்பியது. பக்கத்து வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று திறந்திருக்க வேண்டும். கைப்பிடியை விட மனம் வரவில்லை. விற்பதற்கில்லை என்று சொல்லி வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட் பக்கத்து வயல்வெளியில் சேற்றுப் பந்தயம். மேட்டில் ஏறி இரண்டு சில்லும் நிலத்தை விடுகிற அந்தக் கணத்தில், கீழே உலகம் வாயை மூடிக்கொண்டு நிற்கும். கடையில்லை, தொலைபேசியில்லை, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லத் தேவையில்லை. சேற்றில் விழுந்த பிறகு எல்லாம் திரும்பி வந்துவிடும்தான். ஆனாலும் அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டுதான் அவள் கிழமை முழுவதும் வெண்டிக்காய் நிறுத்தாள். “மனிசி சேறு குளிக்கப் போட்டா,” என்று கணவர் ஸ்ரீ கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. கடை திறக்க ஆள் வேண்டுமே.

இந்த வருடம் பெண்களுக்கான போட்டித் தொடரில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் டெவன், பிறகு வேல்ஸ், பிறகு யோர்க்ஷயர். முதல் நாளே போய்ப் படுத்து, ஞாயிறு விடிய ஓட வேண்டும். இதுவரை மோட்டச்சைக்கிளை ஏற்றிச் சென்றது சிநேகிதி கிரிஜாவின் வான். கிரிஜா ஈஸ்டரோடு சிங்கப்பூருக்கே திரும்பிப் போகிறாள். கராஜ் வைத்த கரவன் வராவிட்டால் வதனாவுக்குப் பந்தயமும் இல்லை.

“அடுத்த வருசம் பாப்பமே?” என்று ஸ்ரீ கேட்டுப் பார்த்தார்.

“அடுத்த வருசம் எனக்கு நாற்பத்தைஞ்சு. மேடு மட்டும் அதே உயரத்திலைதான் நிக்கும்,” என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கரவன் வாங்குவது என்றாகிவிட்டது. எந்தக் கரவன் என்பதுதான் இப்போது தரையில் கிடந்தது.

“சரி, பைக்க உள்ள கொண்டாங்க. கராஜ்ல போற சாமான் எதுவோ அதுதான் முதல்ல. மத்தது எல்லாம் அதச் சுத்தித்தான்,” என்றான் திருமாறன்.

கிரிஜாவின் வான் வெளியே நின்றது. இரவலாக வாங்கி வந்திருந்தாள். வதனா மோட்டச்சைக்கிளை இறக்கி உருட்டி வந்து, சோக்கட்டிக் கோட்டைத் தாண்டிக் கராஜுக்குள் நிறுத்தினாள். போன ஞாயிற்றுச் சேறு காய்ந்து சில்லில் ஒட்டியிருந்தது. அந்தப் பெரிய வெறுந்தரையில் அது நின்ற நிலையைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அதைச் சுற்றி அலுமினியச் சுவர்கள் மெல்ல எழும்புவது போலவும், மேலே கூரை வந்து மூடுவது போலவும், அந்தக் கூரையில் வேல்ஸ் மழை விழுவது போலவும் இருந்தது.

“இப்ப எட்டுக் கட்டில கீறுறேன்,” என்று திருமாறன் முட்டுக்காலில் குந்தினான். முன்னால் இரண்டு பேருக்கு. இருக்கையை விரித்தால் இன்னும் இரண்டு. மிச்ச நாலும் கராஜின் கூரையில் மடிந்திருக்கும்; பொத்தானை அமத்தினால் மோட்டரில் கீழே இறங்கும். அவன் கீறிக்கொண்டு போகப் போகக் கட்டில்களின் கோடுகள் மோட்டச்சைக்கிளைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டின.

ஸ்ரீ மேற்சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சீமெந்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

“கால் முட்டுது, தம்பி. இன்னும் கொஞ்சம் நீட்டும். ஆறடி ஆள் படுக்க வேணும்.”

“நீங்க அஞ்சரைகூட வரமாட்டீங்களே அண்ணே?”

“எனக்கில்லை. பொதுவாச் சொன்னனான்.”

வதனா மோட்டச்சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தினாள். காய்ந்த சேற்றுக் கட்டியொன்று ஸ்ரீயின் காதடியில் விழுந்தது.

“இஞ்சை பார், தலையணையிலை சேறு!”

“நீங்கள் கராஜுக்குள்ளை படுத்துக்கொண்டு தலையணையைப் பற்றிக் கதைக்கிறியள். தம்பி, கட்டில் கீழை வந்தால் மோட்டச்சைக்கிள் எங்கை நிக்கும்?”

“ராத்திரிக்கு வெளியதான் அக்கா.”

“மழையிலை?”

“மழையில.”

“கள்ளர் வந்தால்?”

திருமாறன் எழுந்து கையிலிருந்த சுண்ணத்தைத் தட்டினான். “அது மட்டும் இல்ல அக்கா. இந்த வண்டி இவ்வளவுதான் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. கட்டில், அதத் தூக்குற மோட்டர், கூரைக்கு வைக்கிற இரும்பு, எல்லாமே கனம். நாலு கட்டிலும் கூரையில ஏறிட்டா பைக்குக்கு மிச்சமே இல்ல. அது வேணுமா, இது வேணுமா? ரெண்டும் முடியாது.”

“மோட்டச்சைக்கிளை முன்னுக்குக் காரோடை கொளுவிற இடத்திலை கட்டினால்?” என்றார் ஸ்ரீ, படுத்தபடியே.

“ரோட்ல வண்டி பாம்பு மாதிரி ஆடும் அண்ணே. போலீஸ் நிறுத்துவான், இல்லன்னா மரம் நிறுத்தும்.”

ஸ்ரீ எழுந்து, முதுகைத் தட்டிவிட்டு, மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, “சரி. கட்டில் வேண்டாம்,” என்றார்.

வதனா திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் இவ்வளவு கெதியாக ஒன்றுக்கும் இணங்கியதில்லை. “உண்மையாவோ?”

“உண்மையாத்தான். முன்னாலை எங்கள் ரெண்டு பேருக்கும் கட்டில் காணும். பின்னாலை வெறும் நிலமா விடுவம். உமக்கு வேண்டிய மாதிரி.”

திருமாறன் துடைப்பக்கட்டையால் நாலு கட்டிலையும் அழித்தான். மோட்டச்சைக்கிளைச் சுற்றி மறுபடியும் வெளி வந்தது. வதனாவுக்குச் சண்டை போடக் கட்டி வைத்திருந்த சொற்களையெல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேலை சுறுசுறுப்பாகப் போனது. ஸ்ரீ அப்படியொரு உற்சாகத்தோடு கலந்துகொண்டார். கராஜ் நிலத்துக்குப் பலகையா றப்பரா என்ற கேள்விக்கு, வதனா வாய் திறக்க முதலே, “றப்பர். நல்ல தடிப்பா. குளிர் ஏறாது,” என்றார். கராஜுக்கும் ஹீற்றர் வைக்கலாமா என்று கேட்டார்.

“மோட்டச்சைக்கிளுக்குத் தடிமன் பிடிக்குமோ?” என்று வதனா சிரித்தாள்.

“நக்கல் அடியாதையும். சேறு குளிச்சிட்டு வந்து அதுக்குள்ளைதானே உடுப்பு மாத்துவீர்?”

அவள் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. ஹீற்றர் சேர்ந்தது. பக்கச்சுவரில் ஒரு சின்ன யன்னல், காற்றுக்கு. சரிவுப் பலகை திறந்திருக்கும்போது இழுத்து மூட வலைத்திரை, பூச்சி வராமல். படிக்குப் பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கைபிடி. ஒவ்வொன்றையும் கேட்டது ஸ்ரீதான். பந்தயம் முடிந்து வந்த இரவுகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாளே, அதைக் கண்டும் காணாமலும் இருந்த மனிதர் உண்மையில் எல்லாவற்றையும் கவனித்துத்தான் இருக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு வருவாராக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம், குடையோடு, கடை மணத்தோடு நிற்பார். அவள் காற்றில் நிற்கும்போது ஒருவேளை பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பரவாயில்லை. மூடினால் மூடட்டும்.

“அடுத்தது வளையம்,” என்றான் திருமாறன். “பைக்கக் கட்டி வைக்க தரையில இரும்பு வளையம். நாலு போதுமா?”

“ஆறு,” என்றாள் வதனா. “முன்சில்லுக்கு இரண்டு கூட.”

“உந்த வளையங்கள் துருத்திக்கொண்டு நிக்குமோ?” என்றார் ஸ்ரீ. அவர் கராஜின் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குக் ஒரு காலின் விரலோடு மறு காலின் குதிக்காலை ஒட்டி வைத்து அடியடியாக நடந்துகொண்டிருந்தார். நீளப்பாட்டுக்கு ஒருமுறை, அகலப்பாட்டுக்கு ஒருமுறை. உதடு அசைந்தது.

“தரைக்குள்ள பதிச்சுடலாம் அண்ணே.”

“மட்டமா இருக்குமோ? முதுகிலை குத்தாதோ?”

பட்டறைக்குப் பின்னால் ஒரு ரயில் போனது.

“ஆற்றை முதுகிலை?” என்றாள் வதனா.

ஸ்ரீ நடையை நிறுத்தினார். ஒரு காலுக்கு முன் மறு கால், கழைக்கூத்தாடி போல.

“நான் கேக்கிறன், ஆற்றை முதுகிலை குத்தும்?”

“இல்லை, எப்பவாவது ஒரு அவசரத்துக்கு, ஆரும் வந்தால்... கட்டிலுக்குத்தானே நிறை. பாய்க்கு என்ன நிறை, வதனா? நாலு பாய் போட்டால் காணும்.”

றப்பர் நிலம். ஹீற்றர். யன்னல். வலை. கைபிடி. ஒவ்வொன்றும் அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. கைபிடி அவளுடைய முழங்காலுக்கில்லை. முழங்கால் நோகிற இன்னொரு ஆள் இருக்கிறா. ஆறடி உயரமான ஆளும் ஒருவர் இருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில், கனடாவில்.

“பெரியத்தான் எப்ப வாறார்?”

“ஆர் சொன்னது அண்ணை வாறாரெண்டு?”

“எப்ப வாறார்?”

“ஜூலை.”

“ஜூலை எப்ப?”

ஸ்ரீ மோட்டச்சைக்கிளின் இருக்கையைப் பார்த்துச் சொன்னார்: “ஜூலை முழுக்க. அண்ணை, நீலவேணி அண்ணி, மகள் அஜந்தா, அவளின்ரை மனுசன், பிள்ளையள் ரெண்டு. ரிக்கற் எடுத்திட்டினம். தைப்பூசத்தண்டு லூயிஷாம் கோயிலிலை நிக்கேக்கை அண்ணை போன் எடுத்தவர். கரவன் ஒண்டு வாங்கப் போறம் எண்டு சொன்னன். அப்பிடியெண்டால் எல்லாரும் வாறம், ஸ்கொட்லாந்து சுத்துவம் எண்டார். வாங்கோ அண்ணை, எட்டுப் பேர் படுக்கலாம் எண்டு சொல்லிப்போட்டன். வாய் தவறி வந்திட்டுது.”

“ஸ்கொட்லாந்துக்கு ஆர் இழுத்துக்கொண்டு போறது? நீங்களோ?”

அவரால் முடியாது. தொண்ணூற்றேழுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் இவ்வளவு பெரிய வண்டியைக் கொளுவி இழுப்பதென்றால் இன்னொரு சோதனை எடுக்க வேண்டும். ஸ்ரீ பல தடவை விழுந்து எழும்பித் தொண்ணூற்றெட்டில்தான் எடுத்தவர். வதனாவுடையது பழைய லைசென்ஸ்.

“நீர்தானே இழுப்பீர் எண்டு...”

“நான் எல்லாரையும் ஏத்திக்கொண்டு மலை சுத்த, மோட்டச்சைக்கிள்?”

“ஒரு மாசம்தானே. கடைக்குப் பின்னாலை அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை நிக்கட்டுமன்.”

திருமாறன் சத்தமில்லாமல் பட்டறை மூலைக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினான்.

“வதனா, நீர் ஒண்டை யோசியும்,” ஸ்ரீயின் குரல் இறங்கியது. “நாங்கள் லண்டனிலை வந்து இறங்கின நேரம், அண்ணை கனடா போக முதல், அந்த அறையிலை எத்தினை பேர். நிருஜன் உம்மடை வயித்திலை. அண்ணை தன்ரை கட்டிலை எங்களுக்கு விட்டுட்டு மாசக்கணக்கிலை குசினி நிலத்திலை படுத்தவர். ஷிப்டாலை வந்து அப்பிடியே சப்பாத்தோடை சரிஞ்சு படுப்பார். அந்த மனுசனுக்கு நான் இடமில்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வருமே?”

வதனா மறக்கவில்லை. அந்தக் குசினியில் விடிய எழும்பித் தேத்தண்ணீர் வைக்கும்போது பெரியத்தானின் காலைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். பிறகு அவர்களுக்கென்று வீடு வந்தபோது அதுவும் அப்படித்தான் நிறைந்தது. சாப்பாட்டு அறையில் ஒரு குடும்பம் இருந்து போனது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பொடியன் படித்துப் பட்டம் எடுத்தான். பின்வளவுக் கொட்டிலில் இரண்டு நாளைக்கென்று வந்த பாலசுப்பிரமணியன், விசா வரும்வரை இருந்து, போகும்போது கொட்டிலுக்குப் பெயின்ற் அடித்துவிட்டுப் போனார். யாரும் பிழையான ஆட்களில்லை. ஒருவரையும் வர வேண்டாமென்று அவள் சொன்னதுமில்லை. அவர்களுடைய சனத்துக்கு வெறும் நிலம் என்று ஒன்று கிடையாது. அது இன்னும் பாய் விரிக்கப்படாத இடம், அவ்வளவுதான்.

“தம்பி!” என்று மூலையை நோக்கிக் கூப்பிட்டாள். “இதுக்குள்ளை பாய் போட ஏலாத மாதிரி ஏதும் செய்யலாமோ?”

திருமாறன் கேத்தலைக் கையில் பிடித்தபடி நேர்மையாக யோசித்தான். “றப்பருக்குப் பதிலா புள்ளி புள்ளியா மேடு வச்ச இரும்புத் தகடு போடலாம் அக்கா. உக்காரவே முடியாது.”

“மேலை ரெண்டு கம்பளி விரிச்சால் காணும்,” என்றார் ஸ்ரீ, தன்னையறியாமலே.

“சுவர் பூரா அலமாரி அடிச்சு வழிய ஒடுக்கிரலாம்.”

“தலையை அங்காலை வச்சுப் படுக்கலாம்.”

“அண்ணே,” என்றான் திருமாறன் கும்பிடாத குறையாக, “எங்க வீட்லயும் இதே கததான். ஈப்போவுல எங்கப்பா காரு வாங்குனாரு, கார் ஷெட்ல மாமா குடும்பம், காரு ரோட்ல. ஆனா இதுக்கு என்கிட்ட ஆப்ஷன் கிடையாது லா.”

வதனா சிரிக்கவில்லை. அவன் பகிடிக்குச் சொன்னது சரியான இடத்தில் போய் விழுந்தது. கட்டிலை அழித்தாயிற்று. எதை வேண்டுமென்றாலும் அழிக்கலாம். தொழிற்சாலை எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும், ஜூலையில் அந்தச் சரிவுப் பலகை இறங்கும், மோட்டச்சைக்கிள் வெளியே வரும், பாய் உள்ளே போகும். அதைத் தடுக்கிற ஒரே பொருளை இந்தப் பட்டறையில் வாங்க முடியாது.

அவள் கோட்டைத் தாண்டிக் கராஜின் நடுவில் போய் நின்றாள். பேசத் தொடங்கியபோது அது மொத்த வியாபாரிகளோடு கதைக்கிற குரலாக இருந்தது; டூட்டிங்கில் அந்தக் குரலுக்குத் தனி மரியாதை.

“எழுதுங்கோ தம்பி. நிலத்துக்கு றப்பர்தான், ஆனால் நடுவிலை சரிவு வச்சு ஒரு ஓட்டை, சேத்துத் தண்ணி ஓட. வளையம் ஆறும் வேணும். பதிக்க வேண்டாம், மேலை நிக்கட்டும். பின்சுவரிலை தண்ணிக் குழாய், அழுத்தமா அடிக்கிற மாதிரி. இடப்பக்கம் சாவி, ஸ்பனர் வைக்க ஆயுதப் பெட்டி. ஹீற்றர் இருக்கட்டும், அவர் சொன்னது சரி, உடுப்பு மாத்த நல்லது. பெற்றோல் தாங்கி வேண்டாம், பிளாஸ்ரிக் கானிலை கொண்டு போறன். முன்னுக்கு ரெண்டு பேர் படுக்கிற கட்டில். இருக்கை விரிய வேண்டாம்.”

“விரியவே வேண்டாமா?”

“இருக்கை இருக்கிறதுக்கு.”

“எப்போ ஆர்டர் அனுப்பட்டும் அக்கா? நாலு மணிக்கு அவங்க மூடிருவாங்க. இன்னைக்குப் போனா ஜூன் கடைசியில வண்டி. விட்டா அக்டோபர்தான்.”

“எனக்கும் தெரியும்,” என்றாள். ஆனால் நீட்டிய பேனையை வாங்கவில்லை. ஸ்ரீயின் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ. பெரியத்தான் வரட்டும். ஜூலை முழுக்க வீட்டிலை இருக்கட்டும். எங்கடை அறையை அவைக்கு விடுவம், நாங்கள் கீழை படுப்பம். பந்தயத்துக்குப் போக முதல் நான் சமைச்சு வச்சிட்டுப் போவன். திங்கள், செவ்வாய் எண்டு எங்கை கேட்டாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன். அவர் எங்களுக்குச் செய்ததுக்கு அது ஒண்டுமே இல்லை. இந்தப் பின்பாதி மட்டும்தான் நான் தர ஏலாது எண்டிறன்.”

“நான் எப்பிடி அதைச் சொல்லுறது?” ஸ்ரீ கைகளை விரித்தார். “நீர் நீலவேணி அண்ணியோடை கதைச்சுப் பாருமன். பொம்பிளையள் பொம்பிளையளுக்குள்ளை...”

“நான் சொன்னால் என்ன கதை வரும்? தம்பிக்கு மனம் இருக்கு, அவள்தான் விடேல்லை. அதைக் கனடா முழுக்கச் சொல்லிச் சொல்லி, நிருஜனின்ரை கலியாணத்திலையும் கதைப்பினம்.”

அது ஸ்ரீக்கும் தெரிந்ததுதான்.

“அண்ணை கோவிப்பார்.”

“கோவிக்கட்டும். உங்களோடை கோவிச்சால் ரெண்டு நாளைக்கு. என்னோடை கோவிச்சால் சாகுமட்டும்.”

அவர் மோட்டச்சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டார். முதல் தடவையாகத் தொடுகிறார் என்று அவளுக்குப் பட்டது. ஒட்டியிருந்த சேறு கொஞ்சம் விரலில் வந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். யார் கேட்டாலும் ஓம் என்று சொல்லிச் சொல்லியே வயது போன மனிதர். அவளும் அந்த ஓமுக்குள்தான் இவ்வளவு காலமும் குடியிருந்தாள். அதற்குள் தனக்கென்று ஒரு மோட்டச்சைக்கிள் அளவு இடம்கூட இல்லை என்பது இன்று சோக்கட்டியில் கண்ட பிறகுதான் தெரிந்தது.

“ஓடரை அனுப்பிவிடும், பேந்து ஆறுதலா அண்ணைக்குச் சொல்லுவன்,” என்றார் மெதுவாக. “சத்தியமா.”

“இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் கையெழுத்து. சொல்லேல்லையோ, எனக்கு இந்த வண்டியே வேண்டாம். இன்னொரு அறை இழுத்துக்கொண்டு திரிய நான் இஞ்சை வரேல்லை.”

திருமாறன் தேத்தண்ணீரை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு, வெளியே போய்க் கிரிஜாவின் வானின் சில்லுகளை மிக அக்கறையோடு ஆராயத் தொடங்கினான்.

வதனா கைப்பையைத் திறந்தாள். கடையில் விற்கிற தொலைபேசி அட்டை ஒன்றை எடுத்து, சாம்பல் பட்டையை நகத்தால் சுரண்டினாள். தன் கைத்தொலைபேசியில் இலக்கங்களை ஒவ்வொன்றாக அமத்தினாள். கனடாவில் இப்போது காலை. பெரியத்தான் குளித்துத் திருநீறு பூசி, தேத்தண்ணீரோடு குந்தியிருக்கிற நேரம். கடைசி இலக்கத்தை மட்டும் விட்டுவைத்துத் தொலைபேசியை ஸ்ரீயின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடித்தாள்.

“கடைசி இலக்கம் உங்களுக்குத் தெரியும். நான் பக்கத்திலைதான் நிக்கிறன், ஒரு சொல்லும் பறைய மாட்டன். வீடு இருக்கு, வாங்கோ அண்ணை எண்டு முதல் சொல்லுங்கோ. பேந்து கரவனிலை இடமில்லை எண்டு சொல்லுங்கோ. வதனா விடேல்லை எண்டு வேண்டாம், வண்டி சின்னன் எண்டும் வேண்டாம். என்ரை மனிசி பந்தயம் ஓடுறா, அது அவவின்ரை வண்டி எண்டு, உங்கடை வாயாலை, ஒருக்கா சொல்லுங்கோ.”